பெர்லியோஸைக் கேட்க எங்கே தொடங்குவது? நான்கு படைப்புகள், ஒரு தேர்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் எக்டர் பெர்லியோஸுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஊரில் அவர் கற்றுக்கொண்டது புல்லாங்குழலும் கிட்டாரும்தான். அந்தக் கால ஐரோப்பாவில் இசையமைப்பவர் பெரும்பாலும் பியானோ முன் உட்கார்ந்து, விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதுவார். பெர்லியோஸுக்கு அந்த வழியே இல்லை. மனதில் ஒரு மெட்டு எழும்போதே அது ஓபோ என்ற ஊதுகுழலின் குரலில் எழும், அல்லது பெரிய வயலின் போன்ற செல்லோவின் குரலில் எழும். பின்னால் வயலின்கள் வில்லால் இழுக்கின்றனவா, விரலால் சுண்டுகின்றனவா என்பதும் கூடவே வந்துவிடும்.

அப்படிப்பட்டவரைப் பாரிஸ் எப்படி அளந்தது தெரியுமா? பியானோவை வைத்து. இளம் இசையமைப்பாளருக்குப் பிரான்சில் இருந்த பெரிய அங்கீகாரம் ரோம் பரிசு. போட்டியாளர்கள் பாடகருக்கும் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு கான்டாட்டா, அதாவது கதை சொல்லும் பாட்டுக்கோவை, எழுத வேண்டும். ஆனால் நடுவர்கள் ஆர்கெஸ்ட்ராவை வைத்துக் கேட்கமாட்டார்கள். ஒருவர் சுரத்தாளைப் பார்த்துப் பியானோவில் வாசிப்பார், அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். 1827-இல் பெர்லியோஸ் எழுதியது கிரேக்கப் புராணப் பாடகன் ஓர்ஃபியஸின் மரணம் பற்றிய கான்டாட்டா. பியானோக்காரரால் அதை வாசிக்க முடியவில்லை. 'வாசிக்கவே இயலாத இசை' என்று நடுவர்கள் தள்ளிவிட்டார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெர்லியோஸைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள், பெரிய பெயராயிற்றே என்று ஏதோ ஒன்றைப் போட்டு, போனின் சின்ன ஸ்பீக்கரில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, 'மெட்டு பிடிபடவில்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நடுவர்கள் செய்த பிழைதான் இதுவும். வாத்தியத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இவரிடம் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். ஆகவே முதலில் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும்போது நான் வைத்துக்கொள்கிற அளவுகோல் ஒன்றுதான். எந்தப் படைப்பில் அந்த நிறம் சீக்கிரம் காதில் ஏறும்?

நான்கு படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். லே ஃப்ரான்-ஜூஷ் ஓவர்ச்சர், சிம்பொனி ஃபான்டாஸ்டிக், இத்தாலியில் ஹெரால்ட், ரோமன் கார்னிவல் ஓவர்ச்சர். (ஆபரா என்பது பாடி நடிக்கும் இசை நாடகம், ஓவர்ச்சர் அதற்கு வாசிக்கும் முன்னிசை. சிம்பொனி பல பகுதிகள் கொண்ட பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பு.) நான்குமே வெறும் வாத்திய இசை, குரல் கிடையாது. ரோமியோ ஜூலியட் சிம்பொனி அருமையானதுதான். ஆனால் பாடகர்கள், கோரஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஓடும். அதை முதல் நாளே தூக்கிக்கொள்ள வேண்டாம்.

முதலில் லே ஃப்ரான்-ஜூஷ். இது இளம் பெர்லியோஸின் மிக முந்தைய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளில் ஒன்று. பன்னிரண்டு நிமிடம்தான். இதைக் கேட்பதற்கு முன் அந்த இளைஞன் இருந்த நிலையைத் தெரிந்துகொண்டால் நல்லது.

1803-இல் பிரான்சின் தென்கிழக்கே லா கோட்-சான்-ஆந்த்ரே என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா டாக்டர், மகனும் டாக்டர் ஆக வேண்டும் என்பது வீட்டு முடிவு. 1821-இல் மருத்துவம் படிக்கப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். பிணம் அறுக்கும் அறையை முதல் தடவை பார்த்ததும் ஜன்னல் வழியே குதித்து ஓடிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டு கொஞ்ச காலம் படித்தாலும், மாலை நேரமெல்லாம் ஆபராவிலும் இசைக் கல்லூரி நூலகத்திலும்தான் கழிந்தது. இசையமைப்பாளர் லெசூயரிடம் சீடராகச் சேர்ந்தார். வீட்டில் சண்டை மூண்டது, அனுப்பிய பணத்தை அப்பா நிறுத்துவார், இளகுவார், மறுபடி நிறுத்துவார்.

1824 டிசம்பரில் தேவாலயத்துக்கு எழுதிய பலிப்பூசை இசை ஒத்திகையிலேயே சரிந்து விழுந்தது. பிரதி எடுத்துக் கொடுத்த தாள்களில் பிழை மலிந்திருந்தது ஒரு காரணம், சொன்ன எண்ணிக்கையில் கலைஞர்கள் வராதது இன்னொன்று. அடுத்த முறை எல்லாத் தாள்களையும் தானே உட்கார்ந்து பிரதி எடுத்தார். ஒரு நண்பர் 1,200 பிராங்க் கடன் கொடுக்க, 1825 ஜூலையில் சான்-ரோக் தேவாலயத்தில் அது ஒருவழியாக அரங்கேறியது. கடனை அடைக்க வயிற்றைக் கட்டினார். இரவுச் சாப்பாடு பல நாள் ரொட்டியும் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும்தான், அதுவும் பாலத்தோரம் நின்றபடி. நூவோத்தே என்ற தியேட்டரில் மாதம் 50 பிராங்குக்குக் கோரஸ் பாடப் போனார். கூடத் தங்கியிருந்த மருந்தியல் மாணவரிடம்கூட அதைச் சொல்லவில்லை, அவ்வளவு கூச்சம்.

இந்த நாட்களில் எழுதியதுதான் லே ஃப்ரான்-ஜூஷ் என்ற ஆபரா. அது மேடை ஏறவே இல்லை. தப்பிப் பிழைத்தது அதன் ஓவர்ச்சர். மெதுவாகத் தொடங்கும் முன்பகுதியில், டிராம்போன் என்ற பெரிய பித்தளைக் குழல்கள் எல்லாம் ஒரே குரலில் எழுந்து அரங்கத்தையே அடைக்கும் ஓர் இடம் வரும். எழுதும்போது அவருக்கு ஒரு பயம், இந்தச் சுருதியில் டிராம்போன் வாசிப்பது கஷ்டமாக இருந்துவிட்டால்? ஆபராவில் வாசிக்கும் ஒரு டிராம்போன்காரரிடம் தாளைக் காட்டினார். 'கஷ்டமா? இந்த வாத்தியத்துக்கு இதைவிடத் தோதான சுருதி ஏது, பிரமாதமாக இருக்கும்' என்ற பொருளில் பதில் வந்தது. சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் நடந்து வீடு திரும்பியவருக்கு வழியில் கணுக்கால் பிசகிக்கொண்டது. அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் கால் வலிக்கிறது என்று பின்னாளில் எழுதினார். எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும். யாரும் அரங்கேற்றாத ஓர் ஆபராவுக்காக, கையில் காசில்லாத ஓர் இளைஞன், ஒரு வாத்தியத்தின் ஒரு சுருதியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டு, இவ்வளவு மகிழ்ந்திருக்கிறான்.

வேகமான பகுதி வந்ததும் வயலின்கள் பாடும் இனிமையான மெட்டு ஒன்றுண்டு. அது அவர் சிறுவனாக ஊரில் இருந்தபோது ஐந்து வாத்தியங்களுக்கு எழுதிய ஒரு குவிண்டெட்டிலிருந்து எடுத்தது. வேறெல்லாம் போனாலும் அந்த ஒரு மெட்டை அவர் விடவில்லை.

1828 மே 26 அன்று, இசைக் கல்லூரி அரங்கில் முழுக்க முழுக்கத் தன் படைப்புகளை மட்டுமே வைத்து ஒரு கச்சேரி நடத்தினார் பெர்லியோஸ். 24 வயது. கல்லூரித் தலைவர் கெருபினி அரங்கைக் கொடுக்க முகம் சுளித்தார், மேலிடத்தில் சொல்லித்தான் வாங்க முடிந்தது. செலவும் தன் கைக்காசு. முந்தைய ஆண்டு ஒரு ஆங்கில நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியாவாக நடித்த ஹாரியட் ஸ்மித்சன் என்ற நடிகை மீது தீராத காதல். அவள் காதில் தன் பெயர் விழ வேண்டும் என்பதுதான் உள்ளூர ஆசை. ஓவர்ச்சர் வெற்றி பெற்றது. அவள் காதில் பெயர் விழவில்லை.

இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்வதில் நன்மை, நேரம் குறைவு, டிராம்போன் எழும் அந்த இடம் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். குறை என்னவென்றால் வேகமான பகுதியில் இன்னும் ஒரு மாணவரின் கை தெரிகிறது. அதே சத்தம், அதே ஆவேசம் திரும்பத் திரும்ப வருகிறது. ஏற்கெனவே பெர்லியோஸைப் பிடித்தவருக்கு இது பொக்கிஷம். புதியவருக்கு இரண்டாம் பாதி கொஞ்சம் களைப்பாக இருக்கலாம்.

அடுத்து எல்லோரும் கை காட்டும் சிம்பொனி ஃபான்டாஸ்டிக். ஐந்து பகுதிகள், ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. இதற்கு ஒரு கதையும் அச்சடித்து விநியோகித்தார் பெர்லியோஸ். காதலில் நொந்த கலைஞன் ஓபியம் சாப்பிட்டுக் கனவு காண்கிறான். காதலி ஒரு மெட்டாக ஒவ்வொரு பகுதியிலும் வருகிறாள், விருந்தில், வயல்வெளியில், கடைசியில் அவளைக் கொன்றதற்காக அவன் தலை வெட்டப்படும் மேடையில், அதற்குப் பிறகு சூனியக்காரிகளின் கூத்தில்.

அந்தக் காதலி மெட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1828 ரோம் பரிசுப் போட்டிக்கு அவர் எழுதிய எர்மினி கான்டாட்டாவின் தொடக்கத்தில் வருகிற மெட்டுதான் அது. பியானோவில் அதைக் கேட்ட நடுவர்கள் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அதே மெட்டைச் சிம்பொனியில் புல்லாங்குழலும் வயலின்களும் ஒன்றாகப் பாட, கீழே மற்றத் தந்தி வாத்தியங்கள் படபடக்கும் இதயம்போல் இடைவிட்டு இடைவிட்டுத் தட்டுகின்றன. பியானோ அறையில் இரண்டாம் பரிசோடு நின்றது, ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்ததும் உலகம் இன்றும் கேட்கிற மெட்டாகிவிட்டது.

இந்தச் சிம்பொனியும் லேசில் வெளிவரவில்லை. 1830 மே மாதம் நடத்துவதாக ஏற்பாடு. அரங்கம் வேறெதுவும் இல்லை, ஒளித்து வைத்துக் கோரஸ் பாடிய அதே நூவோத்தே தியேட்டர். ஒத்திகைக்கு 130 கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, உட்கார நாற்காலி போதவில்லை, தாள் வைக்கத் தாங்கி போதவில்லை, மெழுகுவர்த்தியும் போதவில்லை. ஒரே கூச்சல் குழப்பம். இரண்டு பகுதிகளை மட்டும் எப்படியோ வாசித்துப் பார்த்தார்கள், கச்சேரி கைவிடப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் பாரிஸ் தெருக்களில் புரட்சி. பெர்லியோஸ் போட்டி அறைக்குள் அடைபட்டு ரோம் பரிசுக்கு நான்காவது கான்டாட்டாவான சார்தனபாலை எழுதிக்கொண்டிருந்தார், வெளியே துப்பாக்கிச் சத்தம். இந்த முறை பரிசு கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் முக்கியம். கதையின் முடிவில் அரண்மனை தீப்பற்றி எரிய வேண்டும். அந்தத் தீயை நடுவர்களிடம் கொடுத்த தாளில் அவர் எழுதவே இல்லை. பரிசு உறுதியான பிறகு சேர்த்துக்கொண்டார். முந்தைய ஆண்டு மனதில் பட்டபடியே கிளியோபாட்ராவை எழுதி, நடுவர்கள் மிரண்டு யாருக்குமே முதல் பரிசு தராமல் விட்ட பாடம் அது. சார்தனபால் இன்று ஒரு துண்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அடக்கி வாசித்தது தொலைந்தது, அடங்காமல் எழுதியது நின்றது.

1830 டிசம்பர் 5 அன்று அபெனெக் என்ற நடத்துனர் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, சிம்பொனி ஃபான்டாஸ்டிக் அரங்கேறியது. கேட்க வந்தவர்களில் 19 வயதுப் பியானோ மேதை லிஸ்டும் ஒருவர். பிறகு அவரே இதை முழுக்கப் பியானோவுக்கு மாற்றி எழுதினார், அந்தப் பியானோ வடிவத்தை வைத்துத்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1835-இல் தன் நீண்ட விமர்சனத்தை எழுதினார். பியானோவை இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதை மறைக்கக் கூடாது. ஆனால் லிஸ்டின் கை எல்லோருக்கும் வாய்க்காது.

சரி, இதில் தொடங்கலாமா? என் தயக்கம் அந்தக் கதையில்தான் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர் கதையைப் பிடித்துக்கொள்கிறார். இப்போது காதலி வந்தாளா, இப்போது தலை விழுந்ததா என்று தேடிக்கொண்டே இருக்கிறார். நான்காம் பகுதியின் முடிவில் கிளாரினெட் காதலி மெட்டைத் தொடங்க, ஒரே வெட்டில் அது அறுபட்டு, சுண்டும் தந்திகளில் தலை உருள்கிறது. அது கிடைத்ததும் திருப்தி. ஆனால் இந்தச் சிம்பொனியின் உயிர் மூன்றாம் பகுதியில் இருக்கிறது, வயல்வெளிக் காட்சியில். தொடக்கத்தில் இரண்டு இடையர்கள் குழல் வாசிக்கிறார்கள், ஒருவர் மேடையில் ஓபோ இனத்தைச் சேர்ந்த இங்கிலீஷ் ஹார்ன், மற்றவர் திரைக்குப் பின்னால் ஓபோ. ஒருவர் அழைக்க ஒருவர் பதில் சொல்கிறார். கால் மணி நேரம் கழித்து, பகுதியின் முடிவில், இங்கிலீஷ் ஹார்ன் மறுபடி அழைக்கிறது. பதில் இல்லை. நான்கு பேர் டிம்பனி என்ற பெரிய முரசுகளில் மெல்ல மெல்ல உருட்டும் தூரத்து இடி மட்டும். மறுபடி அழைக்கிறது. இடி மட்டும். இதற்கு எந்தக் கதையும் தேவையில்லை. ஆனால் முதல் தடவை கேட்பவர்களில் பலருக்கு அந்த இடம் வருவதற்குள் கவனம் கலைந்துவிடுகிறது. 'மெதுவாகப் போகிறது' என்று தள்ளிவிட்டு வெட்டுமேடைக்குப் போய்விடுகிறார்கள். இதையெல்லாம் மீறி, நேரில் கேட்கும் வாய்ப்பு கிடைத்தால் யோசிக்காமல் இதற்குத்தான் போக வேண்டும். தந்தி வாத்தியக்காரர்கள் மட்டுமே அறுபது பேர் வேண்டும் என்று கேட்டவர் அவர். அந்தச் சத்தம் எந்தப் பதிவிலும் முழுதாக அடங்காது.

ரோமன் கார்னிவலைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நிமிடம். நான்கில் மிகப் பாதுகாப்பான தேர்வு இதுதான், யாருக்குப் போட்டுக் காட்டினாலும் பிடிக்கும். இங்கிலீஷ் ஹார்னில் ஓர் அழகான காதல் மெட்டு, அப்புறம் சால்டரெல்லோ என்ற இத்தாலிய நடனம் பற்றிக்கொண்டு ஓடும். 1838-இல் தோற்றுப்போன பென்வெனுத்தோ செல்லினி ஆபராவிலிருந்து எடுத்த சரக்கு இது. அந்த ஆபராவில் அபெனெக் இந்த நடனத்தை வேகம் குறைத்தே நடத்தினார், பெர்லியோஸ் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். 1844 பிப்ரவரியில் எர்ஸ் அரங்கில் தானே கோல் எடுத்து நடத்தினார். காலையில் காற்று வாத்தியக்காரர்கள் பலர் தேசியக் காவல்படைப் பணிக்குப் போய்விட்டதால் அவர்கள் ஒத்திகைக்கே வரவில்லை, மாலையில் தாளைப் பார்த்த வேகத்தில் வாசித்தார்கள். ஒரு பிசகு இல்லை, கூட்டம் இன்னொரு முறை கேட்டது. அங்கே வந்திருந்த அபெனெக்கைப் பார்த்து, 'இது இப்படித்தான் போக வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது வயதில், கை தேர்ந்தபின் எழுதிய படைப்பு இது. முட்டி மோதிக்கொண்டிருந்த இளைஞன் இதில் இல்லை. விருந்துக்கு முன் வைக்கும் பலகாரம்போல் எடுத்துக்கொள்ளலாம், பசி அடங்காது.

நான் கை காட்டுவது இத்தாலியில் ஹெரால்டை.

இது பிறந்த விதம் பலருக்குத் தெரிந்திருக்கும். வயலின் மேதை பகனினியிடம், புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரி செய்த ஓர் அருமையான வயோலா இருந்தது. வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் தாழ்ந்தது. அதற்கு ஒரு படைப்பு எழுதித் தரும்படி பெர்லியோஸிடம் கேட்டார். முதல் பகுதியின் வரைவைப் பார்த்ததும் முகம் வாடியது, வயோலா சும்மா இருக்கும் இடங்கள் நிறைய இருந்தன. தான் எப்போதும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெர்லியோஸ் அதற்குப் பிறகு தன் இஷ்டப்படி எழுதினார். ரோம் பரிசின் பேரில் இத்தாலியில் இருந்தபோது அப்ருத்ஸி மலைகளில் அலைந்த நாட்களை அதற்குள் கொண்டுவந்தார். வயோலா ஒரு மனிதன், ஆங்கிலக் கவிஞர் பைரனின் ஹெரால்டைப் போல் தனியே சுற்றும் ஒருவன். ஆர்கெஸ்ட்ரா அவன் பார்க்கும் உலகம். மலைகள், யாத்திரிகர்கள், காதலிக்குப் பாடும் மலைவாசி, கடைசியில் கொள்ளைக்காரர்களின் குடிக்கூத்து. சுற்றிலும் என்ன நடந்தாலும் வயோலாவின் மெட்டு கிட்டத்தட்ட மாறாமலே வருகிறது.

புதிய காதுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்று நான் நினைப்பது இதனால்தான். தனி ஒரு குரலைப் பின்தொடர்ந்தே பழகிய நமக்கு, தொண்ணூறு வாத்தியங்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். வயோலா அந்தக் கை. அந்த மெட்டைத் தெரிந்துகொண்டால், அதைச் சுற்றி மாறுகிற நிறங்கள் தாமாகக் காதில் விழத் தொடங்கும். கதையைத் தேட வேண்டியதில்லை, தலை எப்போது விழும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல், நான்கு பகுதிகள்.

இதன் அரங்கேற்றமும் கோணலாகத்தான் போயிற்று. 1834 நவம்பர் 23, வயோலா வாசித்தவர் உரான், நடத்தியவர் ஜிரார். யாத்திரிகர் பகுதியைக் கூட்டம் மறுபடி கேட்டது. இரண்டாம் முறை வாசிக்கும்போது ஹார்ப் என்ற பெரிய யாழை வாசித்தவர் எண்ணிக்கை தவறி இடம் தெரியாமல் போனார். ஜிரார் ஆர்கெஸ்ட்ராவிடம் கடைசிச் சுரத்துக்குப் போகச் சொல்லி அவசரமாக முடித்தார். இனிமேல் என் இசையை நானே நடத்துவேன் என்று பெர்லியோஸ் முடிவெடுத்தது அந்த நாளில்தான். பின்னாளில் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய நடத்துனர் உருவானது அப்படி.

ஒதுங்கிப் போன பகனினி இதை முதல் தடவை கேட்டது 1838 டிசம்பர் 16 அன்று. செல்லினி தோற்று, கடனும் நோயுமாகக் கிடந்த பெர்லியோஸ் அன்று தானே நடத்தினார். முடிந்ததும் பகனினி மேடைக்கு வந்தார். தொண்டை நோயால் குரல் போயிருந்தது, மகன் அவர் வாயருகே காது வைத்துக் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பேச்சு போதாதென்று கலைஞர்கள் பார்க்கவே பெர்லியோஸ் முன் மண்டியிட்டுக் கையை முத்தமிட்டார். இரண்டு நாள் கழித்து மகன் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தான், கூடவே 20,000 பிராங்க். அந்தப் பணம் கொடுத்த அவகாசத்தில் எழுதியதுதான் ரோமியோ ஜூலியட்.

ஹெரால்டிலும் குறை உண்டு. கடைசிப் பகுதி முந்தைய மூன்றையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திவிட்டுப் பிறகு ஒரே ஆரவாரமாகிறது, வயோலா பெரும்பாலும் காணாமல் போகிறது. முதல் தடவை மூன்று பகுதிகளோடு நிறுத்திக்கொண்டால் தப்பில்லை.

பதிவுகளில், வில்லியம் பிரிம்ரோஸ் வயோலாவும் சார்ல்ஸ் மூன்ஷ் நடத்திய பாஸ்டன் சிம்பொனியும் சேர்ந்தது ஒன்று, தபேயா ஸிம்மர்மன் வயோலாவும் காலின் டேவிஸ் நடத்திய லண்டன் சிம்பொனியும் சேர்ந்தது இன்னொன்று. எது கைக்குக் கிடைத்தாலும் சரி. பிறகு சிம்பொனி ஃபான்டாஸ்டிக்குக்கு வரும்போது ஜான் எலியட் கார்டினரின் 1991 பதிவைத் தேடுங்கள். அந்தக் கால வாத்தியங்களோடு, அது அரங்கேறிய அதே இசைக் கல்லூரி அரங்கிலேயே எடுத்தது.

கேட்கும் முறை பற்றி ஒன்று. போன் ஸ்பீக்கர் வேண்டாம், சாதாரண ஹெட்போன் போதும். முதலில் ஹெரால்டின் இரண்டாம் பகுதியை மட்டும் போடுங்கள், எட்டு நிமிடம். மாலையில் யாத்திரிகர்கள் தூரத்திலிருந்து பாடிக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வோர் அடி முடியும்போதும் ஹார்னும் ஹார்ப்பும் சேர்ந்து ஒரு மணி ஓசை. மணி எங்கும் இல்லை, இரண்டு வாத்தியங்களைக் கலந்து அவர் உண்டாக்கிய மணி அது. அதன் கீழே முணுமுணுப்பாய் ஜெபம். நடுவில் வயோலா தன் மெட்டோடு வந்து சேர்ந்துகொள்கிறது, கொஞ்ச நேரம் அவர்களோடு நடக்கிறது. பிறகு வயோலாவின் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு அருகே வில்லை வைத்து, மூச்சுவிடுவதுபோல் மெல்லிய ஒரு சலசலப்பு. யாத்திரிகர்கள் கடந்து போகிறார்கள், தந்திகள் சுண்டும் காலடி தேய்கிறது, அந்த மணி இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை.